முயலும் சந்தையும்: அவுஸ்திரேலியக் குழிமுயல் வேட்டை பற்றிய ஒரு நோக்கு

எந்த விலங்கும் உணவாகவோ பீடையாகவோ பிறப்பதில்லை. மனிதர் அதனோடு கொள்ளும் பொருளாதார உறவே அதனை அவ்வாறு ஆக்குகின்றது. அவுஸ்திரேலியக் குழிமுயலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். எமது பற்றைக் காடுகளிலுள்ள முயல் வேறினத்தது. அது வளை தோண்டுவதில்லை. நாம் இங்கு குறிப்பிடுவது வளையமைத்துக் கூட்டமாக வாழும் ஐரோப்பிய முயலையே ஆகும்.

1859ஆம் ஆண்டில் விக்ரோறியாவின் பார்வன் பார்க் பண்ணையுடைமையாளரான தோமஸ் ஒஸ்ரின் இங்கிலாந்திலிருந்து 24 முயல்களைத் தருவித்தார். அவரது நோக்கம் வேட்டைப் பொழுதுபோக்கு. 1867இல் அல்பிரட் இளவரசரும் அங்கு வந்து முயல் சுட்டார். அவுஸ்திரேலிய முயற்பெருக்கத்தின் மூலம் இவ்விறக்குமதியே என்பதை 2022இல் வெளியான மரபணு ஆய்வு வலியுறுத்துகின்றது. முயல்கள் மேற்கே பரவுவதைத் தடுக்க மேற்கு அவுஸ்திரேலிய அரசு 1901க்கும் 1907க்கும் இடையில் நெடுவேலிகள் அமைத்தும் பயன் கிட்டவில்லை.

செல்வந்தரின் விளையாட்டுப் பொருள் விரைவில் நிலமற்றோரின் வருவாயாயிற்று. பெருந்தொகையான முயல்கள் இரும்புப் பொறிகளாற் பிடிக்கப்பட்டன, அவற்றோடு 0.22 அங்குல றைபிளும் பயன்பட்டது. அதன் தோட்டா மலிவானது, ஓசை குறைந்தது, இறைச்சியை அதிகம் சிதைப்பதில்லை. எனினும் உடலிற் குண்டு பாய்ந்தால் இறைச்சியின் விலை குறையும் என்பதால், தேர்ந்த வேட்டைக்காரர் தலையையே குறிவைப்பர். சுட்ட முயலின் குடலைத் தாமதமின்றி நீக்கிக் குளிரவைத்தல் வேண்டும். இறைச்சி நகரங்களுக்கும், குளிரூட்டப்பட்டுப் பிரித்தானியாவுக்கும் சென்றது. உரோமம் தொப்பித் தொழிலுக்குப் பயன்பட்டது. தெருத்தெருவாகக் கூவி விற்றோர் 'றபிற்றோ' எனப்பட்டனர். தென் சிட்னி றக்பி கழகம் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது.

1930களின் பெருமந்தத்தில் இவ்வேட்டையின் சமூகப் பொருள் தெளிவாயிற்று. 1932இல் தொழிற்சங்க உறுப்பினருள் ஏறத்தாழப் பத்துப் பேரில் மூவர் வேலையற்றிருந்தனர். ஆட்டிறைச்சி வாங்க வகையற்ற குடும்பங்கள் முயலை 'நிலத்தடி ஆட்டிறைச்சி' என அழைத்து உண்டன.

இங்கு ஒரு முரண்பாடு எழுகின்றது. கம்பளியை நம்பிய பெருநிலவுடைமையாளனுக்கு முயல் அழிய வேண்டிய பீடை. வேட்டைக்காரனுக்கோ அது நாளை வரையும் நிலைக்க வேண்டிய முதல். மேலும், முயல் அருகும்போது ஒவ்வொன்றுக்கும் செலவாகும் நேரமும் தோட்டாவும் கூடுகின்றன. எனவே இலாபம் குன்றியதும் வேட்டைக்காரன் வேறிடம் செல்வான். ஆண்டிற் பல முறை ஈனும் இயல்புடைய எஞ்சிய முயல்கள் மீண்டும் பெருகும். ஆகவே சந்தை முயலை அறுவடை செய்ததேயன்றி ஒழிக்கவில்லை. இதனைத் தனிமனிதரின் பேராசையாகக் கொள்ளுதல் தவறு; சந்தையின் விதியே அவ்வாறு இயங்கிற்று.

1950இல் மிக்சோமா வைரசு பரப்பப்பட்டது. முதலிற் தொற்றுண்ட முயல்களில் மிகப் பெரும்பாலானவை மாண்டன. மேய்ச்சல் நிலங்கள் தளிர்த்தன. கம்பளி உற்பத்தி உயர்ந்தது. நோய் மனிதரைத் தொற்றாதாயினும், வீங்கிய கண்களுடைய முயலை வாங்க மக்கள் அஞ்சினர். வேட்டைத் தொழில் தளர்ந்தது. நாளடைவில் முயல்கள் எதிர்ப்பாற்றல் பெற்றுப் பெருகவே, 1995இல் ஆய்வுத் தீவொன்றிலிருந்து தப்பிய கலிசி வைரசு மீண்டும் அவற்றைக் குறைத்தது. ஏழையின் உணவாயிருந்த முயலிறைச்சி இன்று அங்கு அரிதாகக் கிடைக்கும் விலையுயர்ந்த பண்டமாகும்.

முயற்கட்டுப்பாடு தேவையற்றது என நாம் வாதிடவில்லை. சிறுதொகை முயல்களே வறள்நில மரக்கன்றுகளை முளைக்கவிடாது தின்றுவிடும். பில்பி போன்ற சுதேச விலங்குகளின் நலிவிலும் அவற்றுக்குப் பங்குண்டு. ஆயினும் நிலவுடைமையாளனின் பேரேட்டில் வரவாகப் பதிந்தது, பொறிகாரனின் அடுப்பங்கரையில் இழப்பாயிற்று. இயற்கையைக் காக்கும் எத்திட்டத்திலும் அறிவியல் கணக்கோடு இச்சமூகக் கணக்கும் சேர்த்தே பார்க்கப்படுதல் வேண்டும். ஆதாயம் எவரைச் சேர்ந்தது, சுமை எவர் தோளில் விழுந்தது என்னும் வினாக்களைத் தவிர்த்த ஆய்வு முழுமையுடையதாகாது.