திரையை மாற்றும் முன் பேட்டரியைப் பாருங்கள்

ஐந்தாறு வருடம் உழைத்த லேப்டாப்பைப் பற்றி எல்லா வீட்டிலும் கேட்கும் புகார் இரண்டு: திரை மங்கல், சார்ஜ் நிற்பதில்லை. சென்னை ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போனால் இரண்டுக்கும் தனித்தனியாக விலை சொல்வார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு ஏதாவது ஒன்றுதான் முடியும் என்றால், கண்ணுக்கு உடனே தெரிகிற திரைக்கே பலரும் செலவழிக்கிறார்கள். புதுத் திரை பளிச்சென்று வந்துவிடும். பேட்டரியோ முன்பைவிடச் சீக்கிரம் இறங்கும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், திரைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

வெளிச்சம் எங்கே போகிறது?

எல்.சி.டி. திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. விளிம்பில் வரிசையாக ஒட்டியிருக்கும் எல்.இ.டி. விளக்குகள்தான் ஒளி தருகின்றன. அந்த ஒளி முதலில் போலரைசர் தாளைக் கடக்க வேண்டும். பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். அடுத்து சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள். ஒவ்வொன்றும் தன் நிறத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை விழுங்கிவிடுவதால், மிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ஒவ்வொரு பிக்ஸலின் ஓரத்திலும் டிரான்சிஸ்டரும் மின்தடங்களும் உண்டு. அவற்றை மறைக்கும் கறுப்புப் பட்டைகள் வழியே ஒளி புகாது. கடைசியில் நம் கண்ணுக்கு வந்து சேர்வது, விளக்கு தந்ததில் நூற்றில் பத்துக்கும் குறைவு.

பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது 1366×768 டி.என். பேனல். அதில் சுமார் 10.5 லட்சம் பிக்ஸல்கள். ஃபுல் எச்.டி. என்றால் 1920×1080, ஏறக்குறைய 20.7 லட்சம். அதே 15.6 அங்குலத்துக்குள் இரண்டு மடங்கு பிக்ஸலை அடைத்தால் டிரான்சிஸ்டர்களும் தடங்களும் பெருகும், ஒளி புகும் இடம் சுருங்கும். அதே பிரகாசம் வேண்டுமென்றால் பின்விளக்கைக் கூட்டி எரிக்க வேண்டும். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். பேனலிலும், மின்முனைகளின் அமைப்பால் டி.என்.னைவிடச் சற்றுக் குறைவான ஒளியே வெளியே வரும். அழகுக்கு நாம் கொடுக்கும் விலை பேட்டரியில் இருந்துதான் போகிறது. எல்லாப் புதுப் பேனலும் அப்படித் தின்னும் என்றில்லை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரகங்களும் சந்தையில் உண்டு. பேனலின் டேட்டா ஷீட்டில் எத்தனை வாட் என்று இருக்கும். வாங்கும் முன் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு வாட் என்ன செய்யும்?

பழைய ஆறு செல் பேட்டரியின் முதுகில் 11.1 வோல்ட், 4400 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 11.1ஐ 4.4ஆல் பெருக்கினால் 48.8 வாட்-மணி. லேப்டாப் சராசரியாக 10 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். அதே பேட்டரி தேய்ந்து 28 வாட்-மணிக்கு வந்துவிட்டால் 2 மணி 48 நிமிடம். இந்த நிலையில் புதுத் திரை 2 வாட் கூடுதலாகக் கேட்டால் 2 மணி 20 நிமிடம். பவர்கட் நேரத்தில் அந்த அரை மணியின் அருமை தெரியும்.

உங்கள் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஒரே வரியில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது பிறந்தபோது இருந்த கொள்ளளவு, இரண்டாவது இன்று மிஞ்சியிருப்பது. இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதியை நெருங்கிவிட்டது என்றால், திரை காத்திருக்கட்டும்.

தேய்மானத்தின் வேதியியல்

லித்தியம்-அயன் பேட்டரியை 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையில் இருந்து கிளம்பி எதிர்முனையின் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காரும், இறங்கும்போது திரும்பிவிடும். கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்திருக்கும். அது நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடும். சூடும், எந்நேரமும் 100 சதவீதத்தில் இருப்பதும் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும். மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து, நாள் முழுக்கச் சார்ஜரில் மாட்டிவைப்பவர்களுக்குப் பேட்டரி சீக்கிரம் போவது இதனால்தான்.

30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த லேப்டாப் திடீரென்று அணைந்துபோவது இன்னொரு பிரச்சினை. ஆறு செல் பேட்டரியில் இரண்டிரண்டாக இணைத்த மூன்று ஜோடிகள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒரு ஜோடி மட்டும் நலிந்துபோனால், மற்ற இரண்டிலும் சார்ஜ் இருந்தாலும் பாதுகாப்புச் சுற்று மொத்த இணைப்பையும் துண்டித்துவிடும். நலிந்த செல்லுக்கு மருந்து கிடையாது. முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, மறுபடி ஏற்றும் ‘கேலிபரேஷன்’ சதவீதக் கணக்கைத்தான் சரிசெய்யும். போன கொள்ளளவைத் திருப்பித் தராது.

சார்ஜரில் போட்டும் ஏறவில்லை என்றால் உடனே பேட்டரியைப் பழிக்க வேண்டாம். 60 அல்லது 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி ஆனில் இருக்கலாம். டெல், எச்.பி. மாடல்கள் பலவற்றில் சார்ஜர் முனையின் நடுவே ஊசிபோல ஒரு பின் இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தாலோ உள்ளே ஒயர் அறுந்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. வேறொரு சரியான சார்ஜரை மாட்டிப் பார்த்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எல்லாப் பேனலும் எல்லாவற்றுக்கும் சேராது

பேட்டரி நன்றாக இருக்கிறது, திரையை மாற்றலாம் என்று முடிவெடுத்துவிட்டால் அடுத்த கேள்வி கேபிள். பேனலைக் கழற்றித் திருப்பினால் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதில் 140 என்று வந்தால் பொதுவாக 14 அங்குலம், 156 என்றால் 15.6 அங்குலம். கேபிள் வழியாகப் படத்தை அனுப்பும் முறை பழைய பேனல்களில் எல்.வி.டி.எஸ்., பிறகு வந்தவற்றில் இ.டி.பி. இரண்டிலும் 40 பின் கனெக்டர் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாற்றி மாட்டினால் பேனலோ மதர்போர்டோ போய்விடலாம்.

இ.டி.பி.யிலும் ஒரு சூட்சுமம் உண்டு. படத் தகவல் ‘லேன்’ எனப்படும் தடங்கள் வழியாகப் போகிறது. பரவலாக உள்ள வேகத்தில் ஒரு லேன் நொடிக்கு 270 கோடி பிட்களைக் கடத்தும். குறியீட்டுக்கான பங்கு போகப் படத்துக்கு 216 கோடி. பிக்ஸலுக்கு 18 பிட், நொடிக்கு 60 முறை என்று வைத்தால் பழைய திரைக்கு 113 கோடி போதும். ஃபுல் எச்.டி.க்கு 224 கோடி வேண்டும். 216க்கும் 224க்கும் சிறிய வித்தியாசம்தான், ஆனால் ஒரு லேன் தாங்காது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் கேபிளில் ஒரு லேனுக்குத்தான் ஒயர் இருக்கும். புதுப் பேனலை மாட்டினால் படமே வராது, அல்லது சரியாக வராது. அதே மாடலின் ஃபுல் எச்.டி. ரகத்துக்குரிய கேபிளைத் தேடி வாங்க வேண்டும். மதர்போர்டிலேயே இரண்டாவது லேன் இல்லையென்றால் அந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

கழற்றும்போது

திரை கேபிளைத் தொடும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றியே ஆக வேண்டும். லேப்டாப்பை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. பின்விளக்குக்கான மின்சாரம் அந்தக் கேபிளின் ஒரு முனையில்தான் வருகிறது. மின்சாரம் இருக்கும்போது கேபிள் கோணலாக நுழைந்தால், மதர்போர்டில் கடுகளவு இருக்கும் பின்விளக்கு ஃப்யூஸ் எரிந்துவிடும். அப்புறம் லேப்டாப் ஆன் ஆகும், திரை கறுப்பாகவே இருக்கும். செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் பேனல் வேலை செய்கிறது, விளக்குதான் எரியவில்லை. முதலில் கேபிளையும் ஃப்யூஸையும் பார்க்கச் சொல்லுங்கள். இதைத் தெரிந்துகொண்டால் இன்னொரு பேனலுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்காது.

கீழ்மூடியைத் திறந்ததும் பேட்டரி உப்பியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். உள்ளே எலெக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். டச்பேட் மேலெழுவதும், மூடி சரியாக மூடாததும் அதன் முன்னறிகுறிகள். அதைச் சார்ஜ் போடக் கூடாது, குத்தக் கூடாது, அழுத்தி உள்ளே தள்ளவும் கூடாது. கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். 2006இல் சோனி தயாரித்த செல்களில் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்துவிட்டதால் டெல் ஒன்றே 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. தொழிற்சாலையில் நேர்ந்த ஒரு துகள் பிழையே தீயில் முடியும் என்றால், ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவது எவ்வளவு ஆபத்து!

புதுப் பேட்டரியை விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பி.ஐ.எஸ். முத்திரையும் அதோடு ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வோல்ட்டும் வாட்-மணியும் பழையதோடு பொருந்த வேண்டும். பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. வாங்கும் கடையிலேயே கேளுங்கள். இரண்டையும் ஒருசேர மாற்றப் பணம் இல்லையென்றால் முதலில் பேட்டரி, அப்புறம்தான் திரை.