பயணப் படங்களுக்கு ஒரு மடிக்கணினி

தில்லி மந்திர் மார்க்கில், 1939இல் காந்தியடிகள் திறந்துவைத்த இலட்சுமி நாராயணர் கோயிலுக்குள் படமெடுக்க அனுமதியில்லை. சாலையில் நின்று அதன் சிவப்பும் வெளிர்மஞ்சளுமான சிகரங்களை எடுக்கலாம். அன்றிரவே விடுதியில் அப்படங்களைத் திருத்த, குறைந்த விலையில் மடிக்கணினி தேடுவோர் முதலில் கவனிக்க வேண்டியது திரையையே. விவரக்குறிப்பில் ‘45% என்டிஎஸ்சி’ என்றிருந்தால் அச்சிவப்பு மங்கித் தோன்றும். அதை நம்பித் திருத்தினால் அச்சில் நிறம் மிகும். ‘100% எஸ்ஆர்ஜிபி’ திரைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். செயலி ஒருபடி குறைந்தாலும் பாதகமில்லை. எளிய திருத்தங்களுக்கு 8 ஜிபி ரேம் போதும். பின்னர் கூட்ட வழியிருப்பின் நன்று. வங்கிப் பணியில் இருப்பதால் ஒன்று: ‘வட்டியில்லாத் தவணை’ என்றால், இழக்கும் ரொக்கத் தள்ளுபடியையும் செயலாக்கக் கட்டணத்தையும் விலையோடு கூட்டிப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.