பிடிக்குமா? பிடிக்காதா? ஜப்பான் மொழியில் சொல்வது எப்படி?

தர்மபுரிக்கும் ஜப்பானுக்கும் என்ன தொடர்பு?

தண்ணீர்த் தொடர்பு உண்டு. தர்மபுரி வட்டாரத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அதைக் குடித்த மக்களுக்குப் பல்லில் கறை, எலும்பில் வலி. அந்தத் துன்பம் நீங்கக் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். செலவு 1,928 கோடி ரூபாய். ஜப்பான் கொடுத்த கடனும் அதில் அடக்கம். 2013-ம் ஆண்டு திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது.

மோட்டார் சைக்கிள் தொடர்பும் இருந்தது. 1984-ல் ஜப்பானின் சுசூகி கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து ஓசூரில் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். ஓசூர் அப்போது தர்மபுரி மாவட்டத்து ஊர். (கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல்தான்.) அந்தக் கூட்டு 2001-ல் முடிந்துவிட்டது.

இப்போது ஆட்களே அங்கு போகிறார்கள். ஜப்பானில் முதியவர்கள் அதிகம். பார்த்துக்கொள்ள ஆள் குறைவு. தொழில் தெரிந்த இந்தியர்களை வேலைக்கு எடுக்க 2021 ஜனவரியில் இரு நாடுகளும் உடன்பாடு செய்தன. முதியோரைப் பராமரிக்கும் வேலையும் அதில் ஒன்று. ஆனால் மொழித் தேர்வில் தேற வேண்டும். ஐந்து படி உள்ள தேர்வில், கீழிருந்து இரண்டாம் படியாவது ஏற வேண்டும். அல்லது அதற்கு ஈடான தேர்வு எழுத வேண்டும்.

"ஐயோ, ஜப்பான் மொழியா?" என்று மலைக்க வேண்டாம். பிடிக்கும், பிடிக்காது என்பதிலிருந்து தொடங்கிப் பாருங்கள். பாதி வேலை நம் வீட்டிலேயே முடிந்திருக்கிறது!

மாங்காயும் மாங்கோவும்

"எனக்கு மாம்பழம் பிடிக்கும்." இதை இங்கிலீஷில் சொன்னால் "நான்" என்று தொடங்க வேண்டும். தமிழில் "நான்" இல்லை, "எனக்கு". ஜப்பான் மொழியும் ஏறக்குறைய நம் வழிதான்.

"வத்தாஷி வா மாங்கோ கா ஸ்கி தெஸ்."

"வத்தாஷி வா" என்றால் "என்னைப் பொறுத்தவரை". "மாங்கோ" மாம்பழம். (நம் மாங்காய்தான் போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து உலகம் சுற்றி அங்கே மாங்கோ ஆயிற்று.) "ஸ்கி தெஸ்" என்றால் பிடிக்கும். பிடித்த பொருளுக்குப் பின்னே ஒரு "கா" வரும். அதைக் "கங்கை" என்பதன் முதல் எழுத்தைப் போல மென்மையாக ஒலிக்க வேண்டும். "தெஸ்" என்பதில் "தெய்வம்" என்ற சொல்லின் தெகரம்.

எழுத்தில் அது "சுகி தெசு". பேச்சில் உகரம் தேய்ந்துவிடும். நம் குற்றியலுகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியா? தமிழில் "பிடிக்கும்" என்பதோடு "ஆ" சேர்க்கிறோம். அவர்கள் வாக்கியத்தின் கடைசியில் "கா" சேர்க்கிறார்கள். இந்தக் "கா" மட்டும் "காது" போல வன்மையாக ஒலிக்கும். "நானி கா ஸ்கி தெஸ் கா?" என்றால் "என்ன பிடிக்கும்?"

"படம் பார்ப்பது பிடிக்கும்" என்பதற்கு "ஏகா ஒ மிரு நோ கா ஸ்கி தெஸ்". ஏகா படம், மிரு நோ பார்ப்பது. வரிசை மாறவில்லை! இரண்டும் உறவு மொழிகள் என்றே சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய அறிஞர் வாதாடினார். மொழி அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வாக்கியம் போகும் பாதை ஒன்றாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஓர் ஆளைப் பார்த்து "ஸ்கி தெஸ்" என்றால் காதலைச் சொன்னதாகிவிடும். பெண் பார்க்கப் போன வீட்டில் "பெண் பிடித்திருக்கிறதா?" என்று கேட்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிடிக்காது என்றால்?

சிக்கல் இங்கேதான். "கிராய் தெஸ்" என்றால் பிடிக்காது. ஆனால் அது சுடுசொல். கிட்டத்தட்ட "வெறுப்பாக இருக்கிறது" என்பது போல. சாப்பாடு போட்டவரிடம் சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

"அமரி ஸ்கி ஜா அரிமாசென்" என்பது நல்லது. "அவ்வளவாகப் பிடிக்காது" என்று பொருள். "நிகத்தே தெஸ்" என்றால் "எனக்கு ஒத்துவராது". குறை உணவில் இல்லை, என்னிடம்தான் என்ற பணிவு அதில் இருக்கிறது. ஜப்பானில் நத்தோ என்று ஒன்று உண்டு. சோயாவைப் புளிக்கவைத்தது. நூல் நூலாக வரும், வாடையும் பலம். வெளிநாட்டார் பலருக்கு அதைக் கண்டாலே ஓட்டம். அப்போது கைகொடுப்பது இந்த "நிகத்தே".

அதைவிட மெல்லியது "ச்சொத்தோ…". "கொஞ்சம்" என்று பொருள். "நத்தோ வா ச்சொத்தோ…" என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள். மீதியைக் கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டும். கேழ்வரகுக் களியை இன்னோர் உருண்டை வைக்க வரும்போது, "இருக்கட்டுங்க…" என்று நம் வீட்டு விருந்தாளி இழுக்கிறாரே, அதேதான்!

பென்னாகரத்துப் பெண் ஒருத்தி அங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டை நீட்டுகிறாள். பாட்டி "ச்சொத்தோ…" என்கிறார். "கொஞ்சம் போதும்" என்று நினைத்து ஊட்டப் போனால் பாட்டி வாயைத் திறக்க மாட்டார், மனமும் நோகும். தட்டை ஓரமாக வைத்துவிட்டு, "நானி கா ஸ்கி தெஸ் கா?" என்று கேட்க வேண்டும்.

"ஒகயு" என்று பாட்டி சொல்லக்கூடும். வேறொன்றும் இல்லை, அரிசிக் கஞ்சி!