கல்பாத்தித் தமிழ்: பேச்சின் நிலைபேறும் எழுத்தின் இழப்பும்

மொழி இழப்பு என்றவுடன் பேச்சு மறைதலையே நாம் எண்ணுகிறோம். பாலக்காட்டைச் சார்ந்த கல்பாத்தி அக்கிரகாரத் தமிழ் வேறொரு நிலையைக் காட்டுகிறது. தஞ்சை முதலிய பகுதிகளிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறியோரின் வழியினர் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் வழங்குவர். அவர்தம் இளையோர் எதனை இழந்து வருகின்றனர் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. கலப்பு இழப்பன்று

வாங்கினேன் என்பதற்கு ‘மேடிச்சேன்’, நினைவு என்பதற்கு ‘ஓர்மை’ என்பன இங்கு இயல்பான வழக்குகள். மலையாள வினைமுற்றில் திணை, பால், எண், இட விகுதிகள் இல்லை. ‘மேடிச்சு’ என்பது எல்லா எழுவாய்க்கும் பொது. கல்பாத்தித் தமிழிலோ மேடிச்சேன், மேடிச்சான், மேடிச்சாள் என விகுதிகள் நிலைபெற்றுள்ளன. வேர் மலையாளம், யாப்பு தமிழ். எனவே சொற்கலப்பை மட்டும் கொண்டு மொழி அழிகிறது என முடிவு செய்தல் பொருந்தாது.

2. எழுத்து வழக்கின் இழப்பு

1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. மாநிலச் சீரமைப்பிற்குப்பின் கல்வி, ஆட்சி ஆகிய புழங்குகளங்கள் மலையாளத்திற்கும் ஆங்கிலத்திற்கும் உரியனவாயின. அதே ஆண்டு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, சிறுபான்மையினர் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்வி வசதி அளிக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்கிறது. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் எழுத்து வழக்கைத் தாங்கி நிற்கின்றன. கல்பாத்தி இளையோர் பலருக்கோ தமிழ் கேட்டறிந்த மொழியே, படித்தறிந்த மொழியன்று.

3. சாவக ஒப்புமை

இந்தோனேசியாவின் சாவக மொழி பல கோடி மக்களால் பேசப்படுவது. அங்கும் இளையோர் தமக்குள் ‘ஙோகோ’ என்னும் இயல்வழக்கைப் பேசுவர். மூத்தோரிடம் பேசுதற்குரிய ‘குரோமோ’ என்னும் மரியாதை வழக்கில் பிழை நேருமோ என அஞ்சி இந்தோனேசிய மொழிக்கு மாறுவர் பலர். இரு சமூகங்களிலும் அன்றாடப் பேச்சு எஞ்சுகிறது. முயன்று கற்கவேண்டிய வழக்கே முதலில் நழுவுகிறது.

4. முடிவு

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தாய்மொழியைக் கேட்கிறது, எழுத்தறிவையும் கேட்கிறது. அவ்வெழுத்தறிவு தாய்மொழியில் பெற்றதா எனப் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே இவ்விழப்பு புள்ளிவிவரங்களில் புலப்படுவதில்லை. தமிழுக்கும் மலையாளத்திற்கும் இடையே இயல்பான மொழிபெயர்ப்பாளர்களாக அமையத்தக்க இருமொழியாளர், தமிழ் நூலைப் படிக்க இயலாதோராக ஆவது மொழிபெயர்ப்புத் துறைக்கு நேரும் இழப்புமாகும். பேச்சு உயிருடன் உள்ளவரை எழுத்தை மீண்டும் கற்பித்தல் எளிது. பேச்சும் மறைந்தபின் அதுவே அயல்மொழிக் கல்வியாகிவிடும்.