கிராண்ட் கன்யன்: எங்கிருந்து பார்ப்பது?

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அரித்து உருவாக்கிய ஆழ்பள்ளத்தாக்கே கிராண்ட் கன்யன் ஆகும். இதன் நீளம் 446 கிலோமீற்றர், ஆழம் 1.6 கிலோமீற்றருக்கும் அதிகம். ஒரு நாளில் எல்லா இடங்களையும் பார்க்க இயலாது. தெற்கு விளிம்பில் பின்வரும் இரண்டையும் தெரிவுசெய்வது பயனுள்ளது.

1. யவபாய் முனை: மேலே சுண்ணாம்புக்கல், அடியில் உருமாறிய பாறை எனப் பாறைப் படைகளை இனங்காணலாம். வன்பாறை செங்குத்தாகவும் மென்பாறை சரிவாகவும் அமைவதால் பக்கங்கள் படிகள் போலத் தோன்றும்.

2. லிப்பான் முனை: பள்ளத்தாக்கைக் குடைந்த ஆற்றின் வளைவைத் தெளிவாகக் காணலாம்.

வடக்கு விளிம்பு இன்னும் உயரமானது. பனி காரணமாகக் குளிர்காலத்தில் அதற்கான வீதி மூடப்படும்.

நினைவிற் கொள்க: இப்பள்ளத்தாக்கின் தோற்றத்தை விளக்கும்போது பாறை, ஆறு ஆகிய இரண்டையும் குறிப்பிட்டாலே விடை முழுமை பெறும்.