இளைய வீரனுக்கும் ஓர் ஓட்டம்

குழுவுக்கு இருவராக நால்வர், பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள்களில், மண் தடத்தை நான்குமுறை சுற்றிவரும் பந்தயமே ஸ்பீட்வே. முதல்வனுக்கு 3 புள்ளிகள், கடையனுக்கு ஒன்றுமில்லை. இந்நிலையில் பழகாத இளைஞனை எந்தக் குழுதான் விரும்பிக் களமிறக்கும்?

இங்கிலாந்தினர் 1968ஆம் ஆண்டில் லீக்கில் இரண்டாம் பிரிவொன்றை வகுத்தனர். அதிலே றொச்டேல் குழுவுக்காக ஓடிப் பழகிய பீற்றர் கொலின்ஸ் 1976இல் உலக சம்பியனானார். நல்ல வழிதான், ஆயினும் போலந்தின் முறையே நம்மைப் பெரிதும் கவர்கிறது. அங்கே முதற்றர லீக் ஆட்டத்தின் 15 ஓட்டங்களுள் இரண்டாவது, 21 வயதுக்கு மேற்படாத இளையோருக்கே உரியது. அப்புள்ளிகளும் குழுவின் கணக்கிற் சேர்வதால், இளையோரைப் பழக்காத குழு தோல்வியைத் தானே தேடிக்கொள்கிறது. பின்பு அதே ஆட்டத்தில் மூத்தோருடனும் அவர்கள் மோதவேண்டும். முன்னே செல்பவரின் சில்லு வாரியிறைக்கும் மண்ணை ஏற்றபடியே.