அடைத்த பல்லில் மறுபடியும் சொத்தை!

சொத்தைப் பல்லைக் குடைந்து, சுத்தம் செய்து, மருத்துவர் அடைத்து அனுப்புகிறார். சில ஆண்டுகள் சென்றதும் அதே பல் வலிக்கிறது. பார்த்தால், அடைப்பின் விளிம்பை ஒட்டிப் புதிய சொத்தை! இது ஏன் தெரியுமா?

காலையில் பல் துலக்குமுன் நாவால் பற்களைத் தடவிப் பாருங்கள். வழவழப்பான படிவு ஒன்று தட்டுப்படும். அது வெறும் அழுக்கன்று. எண்ணற்ற பாக்டீரியாக்கள் பசையைச் சுரந்து அதற்குள் கூடி வாழும் குடியிருப்பு. உயிர்ப்படலம் என்பது இதுவே. நாம் தின்னும் சர்க்கரையைக் கொண்டே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா பசையையும் செய்கிறது, அமிலத்தையும் உண்டாக்குகிறது. பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும்.

மருந்தால் கொப்பளித்தால் இவை மடியாவா? ஹாலந்து நாட்டுத் துணி வணிகர் லீவன்ஹூக் இதை அன்றே சோதித்துவிட்டார். காடியால் வாய் கொப்பளித்துவிட்டுத் தம் பற்படிவை நுண்ணோக்கியில் பார்த்தார். உள்ளே உயிர்கள் நெளிந்துகொண்டுதான் இருந்தன. மேலே இருந்தவற்றை மட்டுமே காடி கொன்றது, உள்ளே ஊடுருவவில்லை என்று அவர் எழுதிய கடிதம் 1684-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயிற்று.

இனி அடைப்புக்கு வருவோம். பல்லின் நிறத்தில் வைக்கும் பிசின் அடைப்பு, ஒளிபட்டு இறுகும்போது நூற்றுக்கு 2, 3 பங்கு சுருங்கும். விளிம்பில் மயிரிழையினும் மெல்லிய இடுக்கு விழலாம். பாக்டீரியாவின் பருமனோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு அது அகன்ற வாசல்தான்!

பிசினிலேயே கிருமிக்கொல்லியைக் கலந்தால் என்ன? கலந்து பார்த்தார்கள். மருந்து கசிந்து தீர்ந்துபோயிற்று, அடைப்பும் வலுவிழந்தது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்து இமசாட்டோ குழுவினர் 1994-இல் வெளியிட்ட வழி வேறு. எம்.டி.பி.பி. என்னும் அவர்களுடைய மூலக்கூறின் ஒரு முனை பிசினோடு வேதிமுறையில் பிணைந்துகொள்ளும். மறுமுனை நேர்மின்னூட்டம் உடையது. பாக்டீரியாவின் மேற்புறம் எதிர்மின்னூட்டம் உடையதல்லவா? இரண்டும் தொட்டால் பாக்டீரியாவுக்குக் கேடு. மருந்தும் கரைந்து போவதில்லை.

ஆனால் கிருமியைத் தடுத்தால் மட்டும் போதாது. பிசின் ஒழுங்காக இறுக வேண்டும். பல்லை விட்டுப் பெயரக் கூடாது. பல்லின் உள்ளிருக்கும் கூழுக்குத் தீங்கு நேரக் கூடாது. இவற்றையெல்லாம் சோதித்துக் கடைக்கு வர ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. வந்ததும் அடைப்பாக அன்று; அடைப்பைப் பல்லோடு ஒட்டுவதற்காகக் குழியில் முதலில் தடவும் திரவமாக. குராரே என்ற ஜப்பானிய நிறுவனம் அதில் எம்.டி.பி.பி.யை நூற்றுக்கு 5 பங்கு சேர்த்தது. இறுகுமுன் அது குழியில் எஞ்சிய பாக்டீரியாக்களைக் கொல்லும். ஒளிபட்டதும் பிசினோடு நிலைத்துவிடும்.

அடைப்பின் மேற்புறம் அவ்வளவு எளிதன்று. அங்கே உமிழ்நீரின் புரதங்கள் படிந்து மூடிவிட்டால், தொட்டுக் கொல்லும் பொருள் எதைத் தொடும்? ஆகவே, புரதம் ஒட்டாத பொருளையும் இவ்வகைக் கிருமிக்கொல்லியோடு சேர்த்து, அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.